பெருநாளன்று நோன்பு

நபீஹாவின் சமையலறை அலமாரியில், மேல்தட்டின் ஓரத்தில், நீலக் கரை போட்ட பீங்கான் தட்டு ஒன்று மூன்று மாதமாகக் கிடந்தது. அது அவள் வீட்டுத் தட்டு அல்ல. நோன்பு மாதத்தில் ஒரு மாலை, நோன்பு திறக்கும் பாங்கு சொல்லச் சற்று முன்பு, கீழ்த்தளத்து உம்மு ஃபாயிஸ் அதில் கோழியும் கொண்டைக்கடலையும் சோறுமாக நிரப்பி மாடிக்கு அனுப்பியிருந்தாள்.

திரிப்போலியில் கொல்லர் தெருவை ஒட்டிய அந்தச் சந்தில், அண்டை வீட்டிலிருந்து வந்த தட்டு காலியாகத் திரும்பியதாக எவருக்கும் நினைவில்லை. வசதி இருந்தால் இனிப்பு, இல்லாவிட்டால் நாலு எலுமிச்சம்பழம், அதுவும் இல்லாவிட்டால் ஒரு பிடி புதினா. எதையாவது வைத்துத்தான் தட்டு திரும்பும். நபீஹா அன்றிரவே தட்டைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டாள். வைத்துக் கொடுக்கத்தான் வீட்டில் ஒன்றுமில்லை. நாளைக்குப் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டதில் நோன்பு மாதமே முடிந்து போயிற்று.

தட்டு தங்கியதும் வேறு தட்டுகள் வருவது நின்றது. ஸித் நபீஹாவுக்கு ஏதோ மனக்கசப்பு, அதுதான் தட்டைத் திருப்பி அனுப்பவில்லை என்று கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை. கோபக்காரி என்ற பெயர் அவளுக்குச் சுமையாக இல்லை. உண்மைக் காரணம் வெளியே தெரிவதைவிட அது எவ்வளவோ மேல். கதவு தட்டும் ஓசை கேட்டால், வந்தவர் களைத்துப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே நின்றாள். சில வாரங்களில் தட்டுவதும் நின்றுவிட்டது.

வயது அறுபத்தாறு. முப்பத்தெட்டு ஆண்டுகள் நிலப் பத்திர அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள். நகரத்தில் பாதிப் பேருடைய வீட்டுப் பத்திரத்தில் அவள் கையெழுத்து இருக்கும். அதனால்தான் எல்லோரும் அவள் பெயருக்கு முன்னால் 'ஸித்' சேர்த்து மரியாதையாகக் கூப்பிடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாமல் வளர்ந்த கடைசித் தம்பி பாஸிலை அவள்தான் ஆளாக்கினாள். அவனும் மனைவியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, ஒன்பது வயது மகள் ஜுமானை அக்காவிடம் விட்டு, முந்தின ஆண்டு இலையுதிர் காலத்தில் மீன்பிடிப் படகொன்றில் ஏறிக் கடல் கடக்கப் போனான். போய்ச் சேர்ந்ததாகவும் செய்தி இல்லை, சேராததாகவும் செய்தி இல்லை. ஓய்வூதியம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நாட்டுப் பணம் சரிந்த சரிவில், அது மாதத்தின் முதல் பத்து நாளைத் தாண்டுவதில்லை.

கீழ்த்தளத்தில் உம்மு ஃபாயிஸின் கணவர் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு பூட்டிக் கிடந்த பட்டறையை அவள் சமையற்கூடமாக மாற்றினாள். மரம் இழைக்கும் மேடையின்மேல் இரண்டு பெரிய அண்டாக்கள். வெளிநாட்டுக்குப் போன சந்துக்காரர்கள் அனுப்பும் காசில் பருப்பும் கோதுமையும் வாங்கி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு நண்பகலில் சோறு போட்டாள். முதலில் இருபது பிள்ளைகள். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. அடுப்பில் வெங்காயம் பொன்னிறமாகும் வாசனை நான்கு மாடி ஏறி நபீஹாவின் படுக்கையறை வரை வரும். அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.

ஒரு தடவை உம்மு ஃபாயிஸே மூச்சிரைக்க மேலே வந்தாள். கையில் ஒரு பழைய நோட்டு. அன்று படியிலேயே எதிர்ப்பட்டுவிட்டதால் நபீஹாவால் ஒளிய முடியவில்லை.

"ஸித், கோச்சுக்காதீங்க. ஜுமான் பேரையும் எழுதிக்கட்டுமா? ஸ்கூல் விட்டு இந்தப் பக்கமாத்தானே வருது குழந்தை."

"எங்க வீட்டுப் பொண்ணு பேரு எழுத வேண்டிய இடத்துல எழுதியிருக்கு, உம்மு ஃபாயிஸ். உங்க நோட்டுல எதுக்கு எடத்தை வீணாக்கிக்கிட்டு."

"அட, இது என்ன பெரிய பேரேடா? எத்தனை பிடி பருப்பு ஊறப்போடறதுன்னு தெரியறதுக்கு வச்சிருக்கேன். எழுதலேன்னா ஒரு நாளைக்குப் பத்தாமப் போகுது, ஒரு நாளைக்கு மிஞ்சிப் பூனைக்குப் போகுது."

"அப்ப அந்தப் பூனை பேரையும் எழுதிக்குங்க" என்றாள் நபீஹா. முதுகு வளையாமல் படியேறிப் போனாள்.

அன்றிரவு ஜுமானை எதிரில் உட்காரவைத்துச் சொன்னாள். "கீழே யாராவது சாப்பிடக் கூப்பிட்டா என்ன சொல்லணும்?"

"பசிக்கலேன்னு சொல்லணும்."

"ஏன்?"

"ஸவ்வாஃப் வீட்டுப் பொண்ணு அடுத்தவங்க வாசல்ல நின்னு சாப்பிடமாட்டா."

நபீஹா திங்களும் வியாழனும் நோன்பு இருப்பது வழக்கம். அவளுடைய தந்தை ஹாஜி ஸவ்வாஃப் காலத்திலிருந்தே உள்ள வழக்கம்தான். இந்த ஆண்டு திங்கள், வியாழனோடு செவ்வாயும் சேர்ந்தது, சில வாரம் சனிக்கிழமையும். அவள் பங்கு ரொட்டி ஜுமானின் பையில் போயிற்று. "நோன்பு" என்று சொன்னால் குழந்தை மறுகேள்வி கேட்பதில்லை. ஒரு பொய்யும் அதில் இல்லை என்று நபீஹா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வைகறைக்கு முன் எழுந்து தண்ணீர் குடித்து, நோன்பிருப்பதாக மனத்தில் நிய்யத்து வைத்து, முறையாகத்தான் நோன்பிருந்தாள்.

ஹஜ் மாதத்துப் பிறை தெரிந்தது. பெருநாளுக்கு முந்திய ஒன்பது நாளும் நோன்பு வைப்பது சிறப்பு என்பதால் கட்டடத்தில் வயதானவர்கள் பலர் நோன்பிருந்தார்கள். நபீஹாவுக்கு அந்த ஒன்பது நாள் ஒரு விதத்தில் நிம்மதி. மற்றவர்களைப் போல அவளும் இருந்தாள், அவ்வளவுதான்.

ஆறாம் நாள் நண்பகல். மொட்டைமாடித் துணியை எடுத்துக்கொண்டு இறங்கியவள், கீழே பேச்சுக்குரல் கேட்டுத் தன் வாசற்படியிலேயே நின்றாள். அந்தப் படிக்கட்டில் பேசினால் நாலு மாடிக்கும் கேட்கும். உம்மு ஃபாயிஸுக்கு உதவியாகக் காய் நறுக்கும் துன்யாவின் குரல்தான் முதலில் கேட்டது. வாய் ஓயாதவள்.

"வா கண்ணு, பருப்புச்சோறு. மேல வெங்காயம் முறுகலா போட்டிருக்கு. ஒரு வாய்."

"வேண்டாம் அக்கா."

"ஒரே வாய். என் உசுரு மேல ஆணை, தட்டைத் தொடாமப் போகக்கூடாது."

"நான் நோன்பு அக்கா."

"அடியம்மா! இத்தனூண்டு இருந்துக்கிட்டு நோன்பா? உம்மு ஃபாயிஸ், கேட்டியா? ஒன்பது வயசு, ஒன்பது நோன்பு! எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான், நாப்பது வயசு, பத்து மணிக்கே சிகரெட்டைத் தேடறான்."

"ஸித் நபீஹா வளர்ப்புல்ல" என்றாள் உம்மு ஃபாயிஸ். "அல்லாஹ் இந்த நோன்பைக் கபூலாக்கி ஏத்துக்கட்டும். போம்மா, வெயில்ல நிக்காதே."

நபீஹா மடித்த துணியை மார்போடு அணைத்தபடி நின்றாள். காலையில் ஜுமான் பாதி ரொட்டியும் இரண்டு ஆலிவும் சாப்பிட்டதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். குழந்தை சொல்வது பொய். ஆனாலும் "ஸித் நபீஹா வளர்ப்பு" என்ற சொல் அவள் முதுகெலும்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெகுநாளைக்குப் பிறகு யாரோ அவளைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டாள். "நோன்புன்னா சொன்னே?"

ஜுமான் காலணியைக் கழற்றிக்கொண்டே பேசினாள். "பசிக்கலேன்னு சொன்னா விடமாட்டேங்கறாங்க அத்தை. நெசமாத்தான் சொல்றியா, நெசமாத்தான் சொல்றியான்னு மூணு தடவை கேக்கறாங்க. கரண்டியை வாய்கிட்டயே கொண்டு வந்துடறாங்க. நோன்புன்னு சொன்னா மட்டும்தான் கையைக் கீழே இறக்கறாங்க."

"எத்தனை நாளா சொல்றே?"

"நீங்க பசிக்கலேன்னு சொல்லச் சொன்னதிலிருந்து. அவங்க மறந்துடுவாங்க. மறுபடியும் கூப்பிடுவாங்க. மறுபடியும் சொல்லுவேன்."

கண்டிக்க வேண்டிய இடம் அது. நோன்பைச் சொல்லிப் பொய் பேசக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நபீஹா துணிகளை அலமாரியில் அடுக்கினாள். ஓரம் ஓரமாக நீவிவிட்டாள்.

"கெட்டிக்காரி" என்றாள் கடைசியில்.

பெருநாள் விடிந்தது. பள்ளிவாசல்களிலிருந்து தக்பீர் முழக்கம் கூரை கூரையாகத் தாவி வந்தது. நபீஹா ஜுமானுக்குப் போன வருடத்துப் பச்சைச் சட்டையின் மடிப்பை இறக்கித் தைத்திருந்தாள். பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரிந்தது. அதன்மேல் ஒரு நாடாவை வைத்து மறைத்திருந்தாள். தோளில்தான் சட்டை தொளதொளவென்று நின்றது. சட்டை பெரிதாகிவிட்டதா என்று நினைத்தவள், அந்த நினைப்பை அதற்கு மேல் ஓடவிடவில்லை.

அடக்கத்தலத்தில் தந்தையின் கபுறுக்குப் போய்வர வேண்டும். இறங்கினார்கள். பட்டறை வாசலில் பெண்கள் கூட்டம். மேடையின்மேல் வாழைத்தார் அளவுக்கு இறைச்சித் துண்டங்கள். கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துவிட நபீஹா நினைத்தாள். ஹாஜி ஸவ்வாஃப் இருந்தவரை அவர்கள் முற்றத்தில் பெருநாளைக்கு இரண்டு கடா அறுபடும். மூன்று பங்கு. ஒன்று வீட்டுக்கு. ஒன்று உறவுக்கும் அண்டைக்கும். அதைத் தட்டில் வைத்து, துணி மூடி, சிறுமி நபீஹாவே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஏழைகளின் பங்கு மட்டும் பையில் கட்டி வாசலில் வைக்கப்படும். அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் முகத்தை அவள் ஒருபோதும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"பெருநாள் வாழ்த்து, ஸித்!" உம்மு ஃபாயிஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மனக்கசப்பென்று பேசிக்கொண்டாலும் பெருநாளன்று யாரும் முகம் திருப்புவதில்லை. பேரீச்சம்பழம் வைத்த மஅமூல் பலகாரத் தட்டை எடுத்து ஜுமானிடம் நீட்டினாள். மேலே சர்க்கரைப் பொடி பனியாகப் படிந்திருந்தது. "எடு கண்ணு. ரெண்டா எடு."

ஜுமான் தட்டைப் பார்த்தாள். கை பாதி எழுந்தது. பிறகு பழகிப்போன அந்தச் சொல், அவள் அழைக்காமலே, நாக்கில் வந்து நின்றது.

"நான் நோன்பு."

துன்யா சிரித்துவிட்டாள். "அடி பைத்தியமே, பெருநாளன்னைக்கா? இன்னைக்கு நோன்பு வச்சாப் பாவம்டீ! இன்னைக்குப் பிச்சைக்காரன் கூட…"

பாதியில் அவள் சிரிப்பு நின்றது. கூறு போட்ட கைகள் நின்றன. எட்டுப் பத்துப் பெண்களின் மனத்தில் ஒரே நேரத்தில் ஒரே கணக்கு ஓடியதை நபீஹா உணர்ந்தாள். நேற்றைய நோன்பு, முந்தாநாள் நோன்பு, போன மாதத்து நோன்பு, அதற்கும் முந்தியது. அவர்கள் யாரும் குழந்தையைப் பார்க்கவில்லை. நபீஹாவையும் நேராகப் பார்க்கவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு காலத்தில் வாசலில் பை எடுக்க வந்தவர்கள் முன் அவள் தாழ்த்திக்கொண்டதைப் போலவே.

"ராத்திரியிலிருந்து அவளுக்கு வயிறு சரியில்ல" என்றாள் நபீஹா. "உளர்றா."

ஜுமானின் கையைப் பிடித்துத் திரும்பினாள். கபுறுக்குப் போகவில்லை. படியேறினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் குழந்தை கால் மடங்கிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டது. உதடு வெளுத்திருந்தது.

"அத்தை, கொஞ்சம் இருங்க. கண்ணு இருட்டுது. உடனே சரியாயிடும். எப்பவும் சரியாயிடும்."

"எப்பவுமா?"

"இந்தப் படிகிட்ட வர்றப்போ."

நபீஹா குனிந்து அவளை அள்ளித் தூக்கினாள். மூட்டு வலிக்கும், முடியாது, யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும் என்றெல்லாம் பயந்துகொண்டேதான் கையைக் கொடுத்தாள். ஆனால் தூக்க முடிந்தது. சிரமமே இல்லாமல் முடிந்தது. அறுபத்தாறு வயதுக் கிழவி ஒன்பது வயதுப் பெண்ணைச் சுமந்து ஒரு மாடி ஏறினாள், வழியில் ஒருமுறைகூட நிற்காமல். அப்போது பிடித்த பயம் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகும் அவளை விடவில்லை.

சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்துப் படுக்க வைத்தாள். பிறகு நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கீழிருந்து ஒவ்வொரு மாடியாகக் கதவு தட்டும் ஓசை வந்தது. பங்கு கொண்டுபோகிறார்கள். முதல் மாடி. வாழ்த்து, சிரிப்பு, கதவு சாத்தும் ஓசை. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில் இரண்டு வீடு. கொண்டுவருவார்கள். கொண்டுவந்தால் தட்டிலா, பையிலா? பையில் வந்தால் என்ன செய்வது? அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். காலடி ஓசை மூன்றாம் மாடியில் கொஞ்சம் தயங்கியது. பிறகு இறங்கிப் போயிற்று.

திறக்காத கதவு என்று அவர்களுக்குப் பழக்கியவள் அவள்தான்.

வீட்டில் குழந்தையின் மூச்சைத் தவிர வேறு ஓசை இல்லை. நாலு சுவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. தந்தையின் படம், பாஸிலின் பள்ளிக்கூடப் படம், பணி ஓய்வுக்குக் கொடுத்த சட்டம் போட்ட பாராட்டு. அவர்கள் எல்லோருடைய மானத்தையும் அவள் தனியாகக் காத்துக்கொண்டிருந்தாள். அதற்கான விலையைக் கொடுத்தது வேறு ஆள் என்பது மூன்றாம் மாடித் திருப்பத்தில்தான் அவள் கைக்குத் தெரிந்தது.

முக்காலி போட்டு ஏறி நீலக் கரைத் தட்டை எடுத்தாள். மூன்று மாதத் தூசி. கழுவினாள். துடைத்தாள். எலுமிச்சை இல்லை, புதினா இல்லை. துணியால் மூடவும் இல்லை. மூடினால் உள்ளே ஏதோ இருப்பதாக நினைப்பார்கள்.

பட்டப்பகலில், பெருநாள் உடுப்போடு சந்தே வாசலில் நிற்கும்போது, ஸித் நபீஹா காலித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான்கு மாடி இறங்கி வந்தாள். முதுகு நேராகத்தான் இருந்தது. பேச்சு ஒவ்வொரு வாயாக அடங்கிற்று.

"உங்க தட்டு, உம்மு ஃபாயிஸ்."

உம்மு ஃபாயிஸ் தட்டைப் பார்த்தாள். உடனே கை நீட்டவில்லை.

"காலியா கொண்டுவந்திருக்கேன்" என்றாள் நபீஹா. குரல் எதிர்பார்த்ததைவிட உரக்க வந்துவிட்டது. "வைக்கறதுக்கு வீட்டுல ஒண்ணுமில்ல. அன்னைக்கும் இல்ல. எனக்கு உங்க மேல கோபம்னு ஒண்ணும் கிடையாது."

துன்யா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். உம்மு ஃபாயிஸ் தட்டை வாங்கினாள். அண்டாவுக்குப் போய்ச் சோற்றை அள்ளி வைத்து, மேலே இறைச்சியை அடுக்கினாள், தட்டு வழியும்வரை.

நபீஹா கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "இது எந்தப் பங்கு?"

"சூடா இருக்கற பங்கு" என்றாள் உம்மு ஃபாயிஸ். "ஆறறதுக்குள்ள கொண்டுபோங்க."

"அந்த நோட்டு எங்கே?"

"பெருநாளும் அதுவுமா நோட்டு எதுக்கு ஸித்? பொண்ணு வரட்டும், சாப்பிடட்டும். பேரு எழுதாமலே நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம். பருப்பு பத்தாமப் போகும்."

மேடைக்கு அடியிலிருந்து நோட்டு வந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் படிந்த பக்கங்கள். நபீஹா பேனாவை வாங்கி, கடைசிப் பெயருக்குக் கீழே தானே எழுதினாள். முப்பத்தெட்டு ஆண்டு பத்திரம் எழுதிய அதே கையெழுத்தில், ஓர் எழுத்துகூடச் சுருக்காமல். ஜுமான், பாஸிலின் மகள், ஹாஜி ருஷ்தி ஸவ்வாஃபின் பேத்தி. மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லாதபோது பெயரை மட்டும் ஏன் அரைகுறையாக எழுத வேண்டும்?

பெருநாளின் நாலு நாளும் பட்டறை அடுப்பு அணையவில்லை. மறுநாள் நண்பகல் ஜுமான் வாசலில் நின்று மறுபடியும் கேட்டாள்.

"நெசமாவே போகலாமா அத்தை?"

"போ."

"நோன்புன்னு சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம். பசிக்குதுன்னு சொல்லு."

"நீங்களும் வாங்களேன்."

"அது பிள்ளைங்க சாப்பிடற எடம்."

குழந்தை இறங்கும் ஓசையை நபீஹா எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் காலடி நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஓட்டம்தான்.

வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. மேசைமேல் துணியில் சுற்றிய பாதி ரொட்டி இருந்தது. இத்தனை மாதத்தில் முதன்முதலாக அது வேறு யாருக்கும் எடுத்துவைக்க வேண்டாத ரொட்டி. பெருநாளின் அந்த நாலு நாளும் நோன்பு வைக்க அனுமதியும் இல்லை. அவள் ஜன்னலைத் திறந்தாள். வெங்காய வாசனையோடு அறுபது பிள்ளைகளின் இரைச்சல் மேலே வந்தது. அதற்குள் ஒரு குரலைத் தனியாகப் பிரித்தெடுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றபடி, ஸித் நபீஹா தன் பாதி ரொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்றாள்.